பழைய கிட்டுக்குப் பொருந்தும் புதிய பாகம்: பொழுதுபோக்கு ரோபோக்களுக்கு ஓர் ஆண்டுத் திட்டம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கடையின் உள்விவகாரம் போலத் தோன்றக்கூடும். பொழுதுபோக்கு ரோபோக்களுக்கான பாகங்களையும் கிட்களையும் விற்கும் ஒரு நிறுவனம், வரும் ஓராண்டில் என்னென்ன புதிய சரக்கைக் கொண்டுவர வேண்டும், எந்த மாதத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலாளியும் நாலைந்து பொறியாளர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிக்கும் விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முதல் ரோபோவைக் கட்டும் ஒரு பள்ளிப் பிள்ளை இரண்டாவது ரோபோவுக்குப் போவதும், அலுத்துப்போய்ப் பெட்டியைப் பரணில் போடுவதும் பெரும்பாலும் அந்த மேசையில் எடுத்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

ஆண்டுத் திட்டங்கள் வழக்கமாக மூன்று இடங்களிலிருந்து பிறக்கின்றன. சிப் தயாரிப்பாளர்கள் புதிதாக அறிவித்தவை ஒன்று. போட்டிக் கடை சென்ற ஆண்டு நன்றாக விற்றது இரண்டு. கண்காட்சியில் கூட்டம் சேர்க்கக்கூடியது மூன்று. நான்கு கால் ரோபோ, ஆறு கால் ரோபோ, தானே சமநிலை பிடித்து நிற்கும் இரு சக்கர வண்டி, கேமரா பொருத்திய கை என்று பட்டியல் நீளும். ஏற்கெனவே கிட் வாங்கியவர் மட்டும் இந்தப் பட்டியலில் எங்கும் இருக்கமாட்டார். என் வாதம் இதுதான்: முந்தைய ஆண்டுகளில் வாங்கியவர் கையில் இப்போது என்ன இருக்கிறது, அது எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்ற கணக்கிலிருந்து திட்டம் தொடங்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு பாகமும் ஏதாவது ஒரு பழைய கிட்டின் ஆயுளை நீட்ட வேண்டும். நீட்டாத பாகத்தையும் வெளியிடலாம். ஆனால் ஏன் வெளியிடுகிறோம் என்று நிறுவனம் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும். நம் ஊர் சைக்கிள் கடையை நினைத்துப் பாருங்கள். டயரும் டியூபும் பிரேக் கட்டையும் எந்தக் கம்பெனி வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்திவிடுவதால்தான் தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் இன்றும் ஓட்டுகிறான். பொழுதுபோக்கு ரோபோ உலகம் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று விரும்பினால் அதற்கான வேலை ஆண்டுத் திட்டத்தில்தான் தொடங்க முடியும்.

ஒரு ரோபோவில் மோட்டாரும் சென்சாரும் போர்டும் பேட்டரியும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டுகிறவர் தடுக்கி விழுவது அந்தப் பொருள்களுக்கு உள்ளே அல்ல. ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில். மிகச் சாதாரணமான உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் வரும் கியர் மோட்டார் இரண்டு, ஒரு அக்ரிலிக் தட்டு, நான்கு ஏஏ பேட்டரிக்கான பெட்டி, எல்298 சிப் வைத்த சிவப்பு டிரைவர் போர்டு: தொடக்கநிலைக் கிட் என்றால் பல கடைகளில் இதுதான். எல்298 பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் ஓட்டத்தில் அது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை தனக்குள்ளேயே விழுங்கிவிடும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. ரீசார்ஜ் செய்யக்கூடிய நான்கு செல்கள் சேர்ந்து தருவது 4.8 வோல்ட். அதில் இரண்டு வோல்ட் போனால், 3 முதல் 6 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட மோட்டாருக்கு 3 வோல்ட் கூடப் போய்ச் சேராது. வண்டி முனகும், நகராது. கட்டிய பிள்ளை தன் புரோகிராமில் பிழை தேடும், கிடைக்காது. தவறு பிள்ளையிடமும் இல்லை, தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் பாகத்திலும் இல்லை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பாகங்களை ஒரே பெட்டியில் போட்டவரிடம் இருக்கிறது. டிஆர்வி8833 போன்ற மாஸ்ஃபெட் வகை டிரைவர் சிப் இதே 1 ஆம்பியரில் அரை வோல்ட் கூட இழப்பதில்லை, 2.7 வோல்ட்டிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். பழைய சிவப்பு போர்டின் திருகுத் துளைகளிலேயே உட்கார்ந்து, அதே கம்பிகளை அதே வரிசையில் ஏற்றுக்கொள்ளும் ஒரு புதிய டிரைவர் போர்டை இந்த ஆண்டு வெளியிட்டால், நகராமல் நிற்கும் பழைய வண்டிகளுக்கு உயிர் வரும். ஆறு கால் ரோபோ ஒன்றை வெளியிடுவதைவிட அது பெரிய சேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேரும் இடத்தைக் காப்பாற்றியவர்கள் நிலைத்திருக்கிறார்கள் என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ போர்டின் மேல் விளிம்பில் இரண்டு பின் வரிசைகள் உண்டு. பின்களுக்கிடையே எங்கும் 2.54 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க, 7-க்கும் 8-க்கும் நடுவில் மட்டும் சுமார் 4.06 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆரம்ப வடிவமைப்பில் நேர்ந்த பிழை அது. கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த இடைவெளிக்கு ஏற்ற துணைப் போர்டுகளை மற்றவர்கள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதனால் பிழையைத் திருத்தாமல் விட்டார்கள். 2010-இல் வந்த யூனோ என்ற ஆர்டுயினோ போர்டிலும் அது இருந்தது. 2023-இல் சிப்பையே மாற்றி வெளியிட்ட யூனோ ஆர்4-இலும் இருக்கிறது. ஒரு பொறியாளனுக்குத் தன் பிழையை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. ஆனால் அந்த ஒரு முடிவால், பழைய மோட்டார் போர்டு வைத்திருப்பவர் அதைப் புதிய யூனோவின் தலையில் இன்றும் செருகிப் பார்க்க முடிகிறது.

சர்வோ மோட்டாரின் மூன்று கம்பி பிளக் இதைவிடப் பழையது. ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானங்களிலிருந்து ரோபோக்களுக்கு வந்தது. நேர்மின் கம்பி நடுவில், எர்த் ஒரு பக்கம், சிக்னல் மறு பக்கம். அவசரத்தில் திருப்பிச் செருகினாலும் நேர்மின் தன் இடத்திலேயே இருப்பதால் சர்வோ எரியாமல் பெரும்பாலும் தப்பித்துவிடும். 9 கிராம் எடையுள்ள சிறிய நீல சர்வோவிலிருந்து உலோகக் கியர் வைத்த பெரிய சர்வோ வரை இந்த ஏற்பாடு பொது. விலையும் வலிமையும் மாறலாம், பிளக் மாறாது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இயங்கும் பொலோலு நிறுவனம் இதே எண்ணத்தை மோட்டாரில் நடத்திக்காட்டியிருக்கிறது. 10-க்கு 12 மில்லிமீட்டர் முகம் கொண்ட அதன் சிறு உலோகக் கியர் மோட்டாரை நம் கடைகளில் என்20 வகை என்பார்கள். அதில் கியர் விகிதம் 5-க்கு 1 தொடங்கி 1000-க்கு 1 வரை போகிறது. உறையின் குறுக்களவும், 3 மில்லிமீட்டர் தண்டும், பிடித்து நிறுத்தும் கிளிப்பும், மாட்டும் சக்கரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேகம் போதாது என்று தோன்றினால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். வண்டியை மாற்ற வேண்டியதில்லை. இப்படி ஒரு குடும்பத்துக்குள் ஆண்டுக்கு இரண்டு புதிய உறுப்பினர்கள் வந்தால் போதும்; அதுவே ஒரு முழுமையான ஆண்டுத் திட்டம்.

லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட்களின் கதையில் இரண்டு பக்கமும் தெரியும். 1998-இல் முதல் தலைமுறை வந்தது. 2006-இல் என்எக்ஸ்டி வந்தபோது பிளக் முழுவதும் மாறியது. ஆனால் பழைய மோட்டாரையும் சென்சாரையும் புதிய பெட்டியோடு இணைக்க ஒரு மாற்றுக் கேபிளை நிறுவனமே விற்றது. 2013-இல் ஈவி3 வந்தபோது பிளக்கைத் தொடவில்லை. என்எக்ஸ்டியின் மோட்டார்களும் சென்சார்களும் அப்படியே வேலை செய்தன. ஏழு ஆண்டுகளாகப் பள்ளிகள் வாங்கிச் சேர்த்தவை ஒரே நாளில் குப்பையாகாமல் தப்பின. 2020-இல் வந்த ரோபாட் இன்வென்டர் வேறு பிளக்கோடு வந்தது. ஈவி3 மோட்டார்கள் அதில் நேராகப் பொருந்தவில்லை. 2022 முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரே நிறுத்தப்பட்டது. பிளக் மாறியதால்தான் நிறுத்தினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. 2006-இல் பிளக் மாறியபோது ஒரு பாலம் போட்டார்கள். 2013-இல் பாலமே தேவைப்படவில்லை. 2020-இல் தேவைப்பட்டது, போடவில்லை.

பெரிய நிறுவனம் என்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இன்டெலைப் பார்க்கலாம். 2013-இல் கலிலியோ, 2014-இல் எடிசன், 2016-இல் ஜூல் என்று ஆர்வலர்களுக்கான போர்டுகளை அது அடுத்தடுத்து இறக்கியது. 2017-இல் மூன்றையும் நிறுத்துவதாக அறிவித்தது. எடிசன் உண்மையிலேயே திறமையான சிறிய கணினி. ஆனால் அதன் அடியில் இருந்தது 70 பின் கொண்ட நுண்ணிய கனெக்டர். பின்களில் ஓடியது 1.8 வோல்ட் சிக்னல். சந்தையில் இருந்த சென்சார்களில் பெரும்பாலானவை 3.3 அல்லது 5 வோல்ட். நடுவில் ஒரு போர்டு இல்லாமல் ஆர்வலர் எதையும் இணைக்க முடியாது. அதற்கென்றே சிறு நிறுவனங்கள் அடுக்கடுக்கான துணைப் போர்டுகளைச் செய்தன. எடிசன் நின்றதும் அவற்றை மாட்ட வேறு இடமில்லை. அன்கி நிறுவனத்தின் வெக்டர் ரோபோ இன்னொரு வகையான எச்சரிக்கை. 2018-இல் அது வந்தது. 2019-இல் நிறுவனம் மூடப்பட்டது. குரலைப் புரிந்துகொள்ளும் வேலை இணைய சர்வரில் நடந்ததால், வீட்டு மேசையில் இருந்த ரோபோவின் எதிர்காலம் எங்கோ இருந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு கட்டப்பட்டிருந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் அதை வாங்கித் தொடர்ந்தது என்றாலும், வாங்கியவர் பட்ட கவலை கவலைதான். ஆகவே சேரும் இடம் என்று நான் சொல்வதில் மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் ஓடாத கிட்டை ஆண்டுத் திட்டத்தில் சேர்ப்பதற்கு முன், நாளை நாம் கடையைச் சாத்தினால் இது என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழையதோடு சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முன்னேற்றம் நின்றுவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 5 வோல்ட் உலகத்திலிருந்து 3.3 வோல்ட் உலகத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் நகர்ந்தபோது யாராலும் அதைத் தடுத்திருக்க முடியாது; தடுத்திருக்கவும் கூடாது. ஆனால் உள்ளே மாற்றுவதும் விளிம்பில் மாற்றுவதும் வேறு வேறு. யூனோ ஆர்4-இல் சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து 48-க்கும், ரேம் 2 கிலோபைட்டிலிருந்து 32-க்கும் உயர்ந்தன; விளிம்பும் 5 வோல்ட்டும் அப்படியே நின்றன. பிரிட்டனில் 2016-இல் சுமார் 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்பட்ட மைக்ரோபிட் போர்டு, 2020-இல் புதிய சிப்போடும் ஒலிபெருக்கி, மைக்கோடும் வெளிவந்தது. அடி விளிம்பில் உள்ள பட்டைகளின் இடம் மாறாததால், பழைய போர்டுக்கென்று செய்த வண்டிகள் பலவற்றில் புதியதைச் செருக முடிந்தது. சிப் மாறியதால் பழைய புரோகிராம் கோப்பு ஓடாது என்ற சிக்கலையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இரண்டு தலைமுறைக்குமான குறியீட்டை ஒரே கோப்பில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். எந்த போர்டு எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று ஆசிரியர் பார்க்க வேண்டியதில்லை. முன்னேற்றமும் தொடர்ச்சியும் ஒரே ஆண்டில் ஒரே பொருளில் இருக்க முடியும் என்பதற்கு இவ்விரண்டும் போதுமான சான்று.

பொருத்தம் முழுமையாக இருக்காது என்பதையும் மறைக்கக்கூடாது. பழைய யூனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுக்கலாம்; ஆர்4-இல் 8 மில்லிஆம்பியர்தான். பின்னிலிருந்து நேரடியாக ரிலேயையோ பிரகாசமான எல்இடியையோ ஓட்டிவந்த பழைய சுற்று அதில் ஓடாமல் போகலாம், போர்டையும் கெடுக்கலாம். இத்தகைய விவரத்தைப் பெட்டியின் மேல் தெரியும்படி அச்சிடுவது விற்பவரின் கடமை. பொருத்தத்தை உடைத்தே ஆக வேண்டிய இடத்தில் உடையுங்கள். ஆனால் அதே காலாண்டில் பாலத்தையும் வெளியிடுங்கள். ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் பதில் சிக்னல் தரும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்த இரண்டையும் ஒரே கடை விற்கிறது என்றால், நடுவில் வைக்க இரண்டு ரெசிஸ்டர்களோ லெவல் ஷிஃப்டர் போர்டோ அதே பெட்டியில் இருந்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இல்லாவிட்டால் போவது ஒரு கணினி.

இரண்டாவது மறுப்பு வியாபாரிகளுடையது. புதுமைதானே விற்கிறது, பழைய கிட்டுக்கு உதிரிப் பாகம் விற்று யார் பிழைத்தார்கள் என்பார்கள். புதுமை முதல் விற்பனையைக் கொண்டுவரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிட்டை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். அதன்பின் அவர் வாங்குவது எல்லாம் அதோடு சேரக்கூடியவை: தேய்ந்த சக்கரம், பல் உடைந்த கியர், இன்னொரு சென்சார், வலுவான மோட்டார். சேராது என்று தெரிந்தால் வாங்கமாட்டார். ஸ்பார்க்ஃபன் நிறுவனம் சென்சார்களுக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட நான்கு பின் கனெக்டர் ஒன்றை க்விக் என்ற பெயரில் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான அடாஃப்ரூட், அதோடு பொருந்தும் கனெக்டரையே ஸ்டெம்மா க்யூடி என்ற பெயரில் ஏற்றது. ஒரு கடையில் சென்சாரும் மறு கடையில் போர்டும் வாங்கி, சால்டர் செய்யாமலேயே சேர்க்கலாம். போட்டியாளரின் பிளக்கை ஏற்றுக்கொள்வது தோல்வி என்று அவர்கள் நினைக்கவில்லை. தன் சரக்குக்குச் சந்தை பெரிதாகும் என்று சரியாகவே கணித்தார்கள்.

நம் நாட்டுப் பள்ளிகளின் நிதி அமைப்பும் இதையே சொல்கிறது. 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் அமைந்த டிங்கரிங் ஆய்வகங்கள் இன்று சுமார் 10,000 பள்ளிகளில் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. அதில் 10 லட்சம் ஆய்வகத்தை நிறுவ. மீதி 10 லட்சம் ஐந்து ஆண்டுகள் வரை அதை நடத்த. அதாவது பாதிப் பணம் ஏற்கெனவே வாங்கியவற்றை ஓட்டிக்கொண்டிருப்பதற்கான பணம். அந்த ஆண்டுகளில் ஆசிரியர் தேடப்போவது பத்துப் பிள்ளைகள் கைமாறி உடைந்த சர்வோவுக்கு மாற்று, தீர்ந்துபோன திருகு, தொலைந்த கேபிள். அந்தப் பட்டியல் உங்கள் ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்பதே வியாபாரக் கேள்வி.

இனி மாதங்களுக்கு வருவோம். ரோபோ பாகங்களின் நாட்காட்டி ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதில்லை. பயன்படுத்துகிறவரின் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தமிழகப் பள்ளிகள் வழக்கமாக ஜூனில் திறக்கின்றன. ஜூனில் கிட் வகுப்பறையில் இருக்க வேண்டுமானால் மே மாதத்துக்குள் பெட்டி கட்டி முடித்திருக்க வேண்டும். ஏப்ரலுக்குள் பாகங்கள் கையில் இருக்க வேண்டும். மோட்டார், போர்டு, கனெக்டர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை. அங்கே சந்திரப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையே ஏதாவது ஒரு நாளில் வரும்; அதன் முன்னும் பின்னுமாக ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஆகவே ஜூனுக்கான முடிவை டிசம்பருக்குள் எடுத்தாக வேண்டும். அக்டோபர் முதல் வாரத்திலும் அங்கே நீண்ட விடுமுறை உண்டு. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் செல்களை 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது; சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. இந்தியாவில் அந்தச் செல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவும், வைஃபை அல்லது புளூடூத் உள்ள போர்டை இறக்குமதி செய்ய மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஒப்புதலும் தேவை. இவற்றுக்கெல்லாம் நாள் ஒதுக்காத திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

காலம் பற்றிய மிகக் கடுமையான பாடத்தை 2021-உம் 2022-உம் தந்தன. சிப் தட்டுப்பாட்டில் சில மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ராஸ்பெரி பை நிறுவனம் தன் வரலாற்றில் முதன்முறையாக 2021 அக்டோபரில் விலையை உயர்த்தியது. 2 ஜிபி ரேம் கொண்ட பை 4, 35 டாலரிலிருந்து 45 டாலரானது. கிடைத்த போர்டுகளில் தொழில் வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை போனதால் ஆர்வலர்கள் மாதக்கணக்கில் தேடினார்கள். ஒரே சிப்பை, ஒரே போர்டை நம்பிக் கட்டிய கிட்கள் அத்தனையும் நின்றன. ஆகவே ஆண்டுத் திட்டத்தில் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் எதிரில் இன்னொரு பெயர் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வகை டிரைவர் சிப்பில் எது கிடைத்தாலும் வைக்கும்படி போர்டை வரைவது, மைக்ரோபிட், ராஸ்பெரி பை பிக்கோ இரண்டையும் ஏற்கும்படி வண்டியின் மேல்தட்டைத் துளையிடுவது ஆகியவை வடிவமைப்பு நேரத்தில் சில நாள் வேலை. தட்டுப்பாடு வந்த பிறகு அவற்றைச் செய்ய முடியாது. பொருத்தம் பற்றிய என் வாதம் இங்கே வாங்குபவரின் நலனிலிருந்து விற்பவரின் பிழைப்புக்கே வந்து சேர்வதைக் கவனியுங்கள். எதோடும் சேரும் கிட், எது கிடைக்காவிட்டாலும் ஓடும்.

மூன்றாவது மறுப்பு சிறு நிறுவனங்களிடமிருந்து வரும். நாங்கள் நான்கைந்து பேர். ஐந்து வருடத்துக்கு உதிரிப் பாகங்களை எங்கே அடுக்கி வைப்பது என்பார்கள். பொது அளவுகளைச் சொல்லி விற்றால் நகல் எடுப்பவர்கள் பிழைப்பார்கள், நாங்கள் பிழைக்கமாட்டோம் என்றும் சொல்வார்கள். முதல் கவலைக்குப் பதில் இப்போது எளிதாகிவிட்டது. தட்டு, பிடிப்பான், சக்கரம் போன்றவற்றின் வரைபடங்களை வெளியிட்டுவிட்டால், பள்ளியில் இருக்கும் 3டி பிரிண்டரே உங்கள் கிடங்கு. மோட்டார், சர்வோ, திருகு ஆகியவற்றைச் சந்தையின் பொது அளவுகளில் தேர்ந்தெடுத்தால் உங்களிடம் ஸ்டாக் தீர்ந்தாலும் வாங்குபவர் தவிக்கமாட்டார். நகல் பற்றிய கவலை உண்மையானது. அதை லேசாகப் பேச எனக்கு மனமில்லை. ஆர்டுயினோவின் வரைபடங்கள் திறந்தே இருந்ததால் மலிவான நகல்கள் உலகெங்கும் பெருகின. அந்த விற்பனை அசல் நிறுவனத்துக்கு வரவில்லை. ஆனால் அதே திறந்த தன்மைதான் துணைப் போர்டுகளையும் புத்தகங்களையும் பாடத்திட்டங்களையும் அதைச் சுற்றி வளர்த்தது. மூடி வைத்த எடிசனுக்கு அப்படி ஒரு சுற்றம் அமைய நாள் கிடைக்கவில்லை. நகல்காரர் அளவைத் திருட முடியும். சோதித்துப் பார்த்துப் பொறுப்பேற்கும் பெயரைத் திருட முடியாது. எடுத்துக்காட்டாக, பேட்டரி பிளக்கில் சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் என்பதில் இன்றும் கடைக்குக் கடை வேறுபாடு இருக்கிறது. இரண்டு பின் கொண்ட அதே வெள்ளைப் பிளக் ஒரு கடையில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வருகிறது. செருகியவுடன் போர்டு எரியும். அதைப் பார்த்து, ஒழுங்குபடுத்தி, எழுதிக் கொடுப்பவருக்கு வாடிக்கையாளர் சற்று அதிகம் கொடுக்கத் தயங்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. கையேட்டையும் ஒரு பாகமாகவே எண்ணித் திட்டத்தில் மாதமும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1982-இல் ஹீரோ 1 என்ற ரோபோவை வீட்டிலேயே கட்டும் கிட்டாக விற்றது. அந்நிறுவனத்தின் பெயர் பல தலைமுறைக்கு நிலைத்ததற்கு, ஒவ்வொரு படியையும் செய்து முடித்ததும் குறியிடச் சொல்லும் அதன் பொறுமையான கையேடுகள் முக்கியக் காரணம். இன்று பல கிட்களோடு வருவது ஒரு க்யூஆர் குறியும், அவசரமாக மொழிபெயர்த்த நாலு வரியும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை மோட்டாரைக் கண்டு பயப்படுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் புரியாத தாளைக் கண்டு தயங்குகிறது. மோட்டார் நின்றுபோகும்போது எவ்வளவு ஆம்பியர் இழுக்கும், டிரைவர் எவ்வளவு தாங்கும், பேட்டரி எவ்வளவு தரும் என்ற மூன்று எண்களையும் ஒரே பக்கத்தில் தெளிந்த தமிழில் அட்டவணையாகத் தந்தால், நகராத வண்டிக்குக் காரணத்தை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அப்படி ஒரு கையேட்டை எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆகலாம். புதிய கிட் ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு அந்த இரண்டு மாதத்தை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

ஆகவே இத்துறையில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவை. வரும் ஆண்டின் திட்டத்தை எழுத உட்காரும்போது, முதல் பக்கத்தில் சென்ற மூன்று ஆண்டுகளில் நீங்கள் விற்ற கிட்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகத்தையும் திருப்பி அனுப்பிய பாகத்தையும் எழுதுங்கள். அந்தச் சந்தேகங்களையும் குறைகளையும் தீர்க்கும் பாகங்களுக்கு ஆண்டின் முதல் பாதியை ஒதுக்குங்கள். புதிய கிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஆண்டுக்கு ஒன்று போதும், அது பழைய கிட்டின் சக்கரத்தையும் சென்சாரையும் கேபிளையும் ஏற்கட்டும். ஆசிரியர்களே, பெற்றோர்களே, வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதோடு எங்களிடம் இருப்பது சேருமா? மூன்று ஆண்டு கழித்து இதற்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அந்த இரண்டு கேள்விகளையும் போதுமான பேர் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டின் திட்டங்கள் தாமாகவே திருந்தும்.